சென்னைக் கரையில் தூண்டில்: ஒரே காலையில் பல வகை மீன்

முதன்முறை கடற்கரைக்குத் தூண்டிலோடு வருபவர்கள் பெரிய முள்ளில் முழு இறாலைக் கோத்து, முடிந்த மட்டும் தூரமாக வீசிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கெளுத்தி ஒன்று மாட்டினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதே நேரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரில் கிழங்கானும் கீச்சானும் மேய்ந்துகொண்டிருக்கும். அந்த முள் அவற்றின் வாய்க்குள் நுழையவே நுழையாது. கரையிலிருந்து பல வகை மீன் பிடிக்க விலை உயர்ந்த ராடு தேவையில்லை. முள்ளின் அளவு, இரையின் அளவு, வீசும் தூரம் மூன்றையும் மீனுக்கு ஏற்ப மாற்றத் தெரிந்தால் போதும்.

எப்போது போவது

விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே கரையில் இருங்கள். சூரியன் வந்து இரண்டு மணி நேரம் வரை நல்ல நேரம். அடுத்தது மாலை ஐந்திலிருந்து எட்டு வரை. உச்சி வெயிலில் தண்ணீர் தெளிந்து கிடக்கும்போது கரையோர மீன்கள் ஆழத்துக்கு ஒதுங்கிவிடும்.

காற்றையும் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் விடியற்காலையில் காற்று மேற்கிலிருந்து, அதாவது உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும். அலை படிந்திருக்கும், வீச்சும் எளிதாகப் போகும். மதியத்தை ஒட்டிக் கடற்காற்று திரும்பியதும் தூண்டில் நரம்பு வளைந்து வயிறு தள்ளும், கடி தெரியாது. அந்த மாதங்களில் காலைதான் புதியவருக்கு ஏற்றது.

நம் கரையில் ஏற்றவற்றம் சிறியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இருக்காது. நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் வற்றம் தொடங்கிய முதல் மணி நேரமும் கரைக்கு நல்லவை. தண்ணீர் ஏறும்போது கரையோர மணல் கலைந்து புழுவும் பூச்சியும் வெளியே வருகின்றன. அவற்றைத் தேடித்தான் மீன் கிட்டே வருகிறது. ஏற்றத்தின் உச்சி விடியலோடு சேரும் நாளை ஏற்ற அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை தண்ணீர் தெளிவு. கிழங்கான், முரல், ஓரா போன்றவற்றுக்கு நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து கடல் கலங்கியிருக்கும். இரண்டு புயல் சின்னங்களுக்கு நடுவில் கடல் கொஞ்சம் அடங்கும் நாட்களில் காலா, பன்னா, கெளுத்தி கரைக்கு நெருங்கும். மழைத் தண்ணீர் முகத்துவாரங்களைத் திறந்துவிட்ட பிறகு கொடுவா தேடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று தூண்டில் போடுபவரை அது நேரடியாகத் தொடாது. ஆனால் அந்த நாட்களில் மார்க்கெட்டில் வரத்து குறைந்து இரை இறாலின் விலை ஏறும்.

கிளம்பும் முன் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை இருந்தால் வீட்டிலேயே இருங்கள். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போதுகூட எங்கோ தொலைவில் எழுந்த அலை வந்து பாறையில் நிற்பவரை அடித்து இழுத்துவிடும்.

எங்கே நிற்பது

புதியவருக்கு மணற்கரைதான் முதல் பள்ளிக்கூடம். நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நீளும் கரைகளில் கூட்டம் குறைவு, மணல் சுத்தம். மெரினாவிலும் எலியட்ஸ் கடற்கரையிலும் விடியலுக்கு முன்பே நடைப்பயிற்சிக் கூட்டம் வந்துவிடும். 80 கிராம் ஈயம் ஒருவர் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. அங்கே வீசாதீர்கள்.

வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையோரம் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டிய தூண்டில் வளைவுகள் வரிசையாக இருக்கின்றன. துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கப் போட்டவைதான் இந்தக் கற்கள். கல் இடுக்குகளில் கலவாக் குஞ்சு, ஓரா, கீச்சான், நுனியில் பாறை மீன் என்று வகை அதிகம். ஆனால் மணலில் ஒரு பருவமாவது பழகிய பிறகு அங்கே போங்கள். சென்னைத் துறைமுகத்துக்குள்ளும் காசிமேடு துறைமுகச் சுவர்களிலும் அனுமதியின்றித் தூண்டில் போட முயல வேண்டாம்.

கூவம், அடையாறு முகத்துவாரங்களிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் மீன் இருக்கிறது, பிடிபடவும் செய்யும். ஆனால் நகரத்தின் கழிவுநீரும் ஆலைக் கழிவும் சாம்பலும் சேரும் தண்ணீர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் பரவியதும் எண்ணூர்க் கழிமுகத்தில்தான். அங்கே பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். உயிரோடு விட்டுவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

ராடு: 11 முதல் 12 அடி, 50 முதல் 100 கிராம் வரை வீசக்கூடியது. 7 அடி ராடோடு வருபவர்கள் அலை உடையும் இடத்துக்கு மேலாக நரம்பைத் தூக்கிப் பிடிக்க முடியாமல் திணறுவார்கள். ஒவ்வொரு அலையும் ஈயத்தைக் கரைக்கு இழுத்து வந்துவிடும்.

ரீல்: 4000 அல்லது 5000 அளவு ஸ்பின்னிங் ரீல். ஸ்பூலின், அதாவது நரம்பு சுற்றும் உருளையின், விளிம்புக்கு 2 மி.மீ. கீழே வரை நரம்பு நிறைய வேண்டும். குறைந்தால் தூரம் போகாது, வழிந்தால் சிக்கிக்கொள்ளும்.

நரம்பு: தொடக்கத்துக்கு 0.30 அல்லது 0.33 மி.மீ. மோனோ, அதாவது ஒற்றை இழை நரம்பு. பல இழை பின்னிய பிரெய்டு நல்லதுதான். ஆனால் காற்றில் முடிச்சு விழுந்தால் பிரிக்கவே முடியாது, விரலையும் அறுக்கும். முதல் சில மாதம் மோனோவில் பழகிவிட்டு மாறுங்கள்.

ஷாக் லீடர்: நரம்பின் நுனியில் 0.55 அல்லது 0.60 மி.மீ. தடிமனில் 7 முதல் 8 மீட்டர். இதை விட்டுவிட்டு வீசாதீர்கள். 80 கிராம் ஈயத்தை முழு வேகத்தில் வீசும்போது விழும் அதிர்ச்சியை 0.30 நரம்பு தாங்காது. அது அறுந்தால் ஈயம் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஈயம் ராடு நுனியிலிருந்து தொங்கும் நிலையில், லீடர் வளையங்கள் வழியே வந்து ஸ்பூலில் ஐந்தாறு சுற்றாவது இருக்க வேண்டும்.

முள்: கடைக்காரரிடம் கேட்கும்போது எண் முறை குழப்பும். 10, 8, 6 என்று தனி எண்ணாக இருந்தால் எண் கூடக் கூட முள் சிறிது. 1/0, 3/0 என்று கோடு போட்டிருந்தால் எண் கூடக் கூடப் பெரிது. நீண்ட தண்டுள்ள 8, 6 எண் முட்கள் நிறைய, 2, 1/0 கொஞ்சம், 3/0 இரண்டு மூன்று வாங்குங்கள். காசிமேட்டைச் சுற்றியுள்ள வலைக் கடைகளில் முள், ஈயம், நரம்பு எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும்.

ஈயம்: 40, 60, 80 கிராம். மணலுக்குக் கூம்பு அல்லது நான்கு முகம் உள்ளது. உருண்டை ஈயம் அலையில் உருண்டு கரைக்கே வந்துவிடும்.

இவை போக, மணலில் ராடை நிறுத்த ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு அங்குல பி.வி.சி. குழாய், ஒரு முனை சாய்வாக அறுத்தது. நீள மூக்குக் குறடு, கத்தரி, தலை விளக்கு, துணி, ஐஸ் போட்ட பெட்டி. குறடு இல்லாமல் கரைக்குப் போகவே கூடாது. காரணம் பின்னால் வரும்.

முடிச்சு

ஒரு முடிச்சை நன்றாகப் பழகினால் போதும். யூனி முடிச்சைப் பரிந்துரைக்கிறோம். முள், ஸ்விவல் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு வளையம்), லீடர் இணைப்பு மூன்றுக்கும் உதவும்.

1. நரம்பின் நுனியை முள்ளின் கண்ணில் நுழைத்து, 15 செ.மீ. திருப்பி, மூல நரம்போடு சேர்த்துப் பிடியுங்கள்.
2. நுனியை முள் பக்கம் மடக்கி ஒரு வளையம் செய்யுங்கள்.
3. நுனியை வளையத்துக்குள் விட்டு, இரண்டு நரம்பையும் சேர்த்து ஐந்து சுற்று சுற்றுங்கள். பிரெய்டு என்றால் எட்டு.
4. எச்சில் தொட்டு ஈரப்படுத்துங்கள். நுனியை இழுத்து முடிச்சை இறுக்கி, பிறகு மூல நரம்பை இழுத்துக் கண் வரை நகர்த்துங்கள். 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

ஈரப்படுத்தாமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் மோனோ வலு இழக்கும். மீன் இழுக்கும்போது அறுந்த நுனி பன்றிவால் போலச் சுருண்டு வந்தால், நரம்பு அறுபடவில்லை, முடிச்சு நழுவியிருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று கட்டமைப்புகள்

முதலாவது இரண்டு முள் கட்டு. மணற்கரையில் பெரும்பாலான மீனை இதுதான் கொடுக்கும். 0.45 மி.மீ. நரம்பில் 120 செ.மீ. வெட்டுங்கள். கீழ் நுனியில் ஈயம் மாட்ட ஒரு ஸ்னாப். அதிலிருந்து 25 செ.மீ. மேலே ஒரு சிறு கண்ணி, அதற்கு 45 செ.மீ. மேலே இன்னொன்று, உச்சியில் ஸ்விவல். கண்ணி போட, நரம்பை வளையமாக்கி ஆறு முறை முறுக்கி, நடு முறுக்கை விரித்து, வளையத்தின் எதிர்ப் பக்கத்தை அதற்குள் இழுத்து, ஈரப்படுத்தி இரு பக்கமும் மெதுவாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் 0.28 மி.மீ. நரம்பில் 20 செ.மீ. நீளத்துக்கு 8 அல்லது 6 எண் முள். இந்த 20 செ.மீ. அளவை மீறாதீர்கள். நீண்டால் இரண்டு முள்ளும் பறக்கும்போதே ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பின்னியது தெரியாமல் ஒரு மணி நேரம் காத்திருப்பீர்கள்.

இரண்டாவது ஓடும் ஈயம். லீடரில் ஈயம் தாராளமாக நகரும்படி கோத்து, ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல், அதிலிருந்து 60 செ.மீ. நரம்பு, முள். பன்னா, காலா, கெளுத்திக்கு 0.45 மி.மீ., 1/0 முள். கொடுவாவுக்கு 0.60 மி.மீ., 3/0. மீன் இரையை எடுத்து நகரும்போது ஈயத்தின் பாரம் அதற்குத் தெரியாது.

மூன்றாவது தக்கை. 8 அல்லது 10 எண் முள், சின்ன ஈயக் குண்டு, மேலே தக்கை. அலை அடங்கிய இடத்திலும் கல்லோரத்திலும் மடவைக்கும் முரலுக்கும் இதுதான்.

இரை

பணத்தை ரீலில் போடுவதை விட இரையில் போடுங்கள். நொச்சிக்குப்பம் மீன் அங்காடியிலோ பக்கத்துக் குப்பத்திலோ அன்று வந்த சிறு இறால் கால் கிலோ போதும். தலை கறுத்த இறால் வேண்டாம். ஓட்டை உரித்து, நீளவாக்கில் கீறி, கிழங்கானுக்கு ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்குங்கள். முள்ளின் வளைவு மூடும்படி கோத்து, நுனி மட்டும் வெளியே தெரிய வேண்டும். முள்ளுக்குக் கீழே இறால் தொங்கினால் மீன் தொங்கும் பகுதியைக் கடித்துக்கொண்டு போகும். ‘கடிக்குது, மாட்ட மாட்டேங்குது’ என்று கேட்கும் புலம்பலில் பாதிக்குக் காரணம் இதுதான்.

உரித்த இறால் வீச்சில் கழன்று போகும். முந்தின இரவே கால் கிலோவுக்கு இரண்டு கைப்பிடி கல் உப்புப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் சதை இறுகும். அல்லது தையல் நூலால் நான்கு சுற்று சுற்றுங்கள்.

காசில்லாமல் கிடைக்கும் நல்ல இரை ஒன்று உங்கள் காலடியிலேயே இருக்கிறது. அலை ஏறி, திரும்பிப் போகும் அந்த இரண்டு விநாடியில் ஈர மணலைக் கவனியுங்கள். வழியும் தண்ணீரில் ஒரே இடத்தில் கூட்டமாகச் சிறு சிறு அம்பு முனைகள் போன்ற நெளிவுகள் தெரியும். மணலில் புதைந்திருக்கும் சிறு நண்டுகள் உணர்கொம்பை வெளியே நீட்டித் தண்ணீரை வடிகட்டுவதால் வரும் நெளிவு அது. கட்டைவிரல் நுனி அளவு, முட்டை வடிவம், கடிக்கும் கொடுக்கு கிடையாது. கையை உடனே ஐந்து செ.மீ. மணலுக்குள் விட்டு அள்ளுங்கள். தாமதித்தால் பின்பக்கமாகவே புதைந்து மறைந்துவிடும். ஈர மணலோடு டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். தண்ணீர் ஊற்றி வைத்தால் செத்துப்போகும். பதினைந்து இருபது போதும், மிச்சத்தைக் கடலில் விடுங்கள். பின்புறம் முள்ளை நுழைத்து அடிப்பக்கம் நுனி வெளியே வரும்படி கோத்தால், அலை உடையும் வரியில் மேயும் மீன்கள் இறாலை விட இதை நம்பி எடுக்கும்.

கணவாய்த் துண்டு முள்ளில் நெடுநேரம் நிற்கும். கீச்சானும் நண்டும் இரையைக் கொத்தித் தீர்க்கும் நாளில் அதற்கு மாறுங்கள். மத்தியின் சதை கெளுத்திக்கு. மடவைக்கு மைதா: ஒரு கோப்பை மாவில் சிட்டிகை உப்பும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கையில் ஒட்டாத பதத்துக்குப் பிசைந்து, பிய்த்த பஞ்சைக் கலந்துகொள்ளுங்கள். பஞ்சுதான் மாவைக் கரையவிடாமல் முள்ளில் பிடித்து வைக்கிறது.

கடலை வாசிப்பது

ராடை விரிக்கும் முன் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். முடிந்தால் முந்தின நாள் வற்றத்தின்போதே ஒரு நடை வந்து போங்கள். பள்ளமும் மேடும் அப்போது கண்ணுக்கே தெரியும்.

வெளியே ஒரு வரியில் அலை வெள்ளையாக உடைகிறது என்றால் அங்கே மணல் திட்டு. அதைத் தாண்டி வந்த அலை அடங்கி, பிறகு கரையில் மறுபடி உடைகிறது. இரண்டுக்கும் நடுவில் அடர்ந்த நிறத்தில், ஒப்பீட்டளவில் அமைதியாகத் தெரிவதுதான் பள்ளம். சென்னைக் கரை பல இடங்களில் செங்குத்தாக இறங்குவதால் இந்தப் பள்ளம் பெரும்பாலும் கரையிலிருந்து 15 முதல் 40 மீட்டருக்குள்ளேயே இருக்கும். மீன் நடமாடும் பாதை அதுதான். அதைத் தாண்டித் திட்டின் முதுகில் இரையைப் போட்டால் வெறும் மணலுக்குப் போட்டது போல.

ஆகவே மூன்று வரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வரி, கரையில் அலை உடையும் நுரை: இங்கே கிழங்கான், கீச்சான், சிறு பாறைக் குஞ்சு. இரண்டாவது, பள்ளம்: பன்னா, கெளுத்தி, காலா, ஊடான், எப்போதாவது நாக்கு மீன். மூன்றாவது, திட்டுக்கு வெளியே: பெரிய கெளுத்தி, திருக்கை. முதல் வீச்சு 15 மீட்டருக்குள் போகட்டும். பத்து நிமிடத்தில் கடி இல்லையென்றால் பத்து மீட்டர் கூட்டுங்கள். கடித்த தூரத்தில் நரம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அடுத்த வீச்சைக் குறிதவறாமல் போடலாம்.

ஈயம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறதா? கரையோர நீரோட்டம் ஓடுகிறது. மார்ச் முதல் அக்டோபர் வரை பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே, வாடை மாதங்களில் வடக்கிலிருந்து தெற்கே. நீரோட்டம் வரும் திசை நோக்கிச் சற்றுச் சாய்த்து வீசி, நரம்பு இறுகும் வரை விட்டால் ஈயம் ஊன்றிக்கொள்ளும். 80 கிராமும் நிற்கவில்லையென்றால் அன்றைய ஓட்டம் உங்களுக்கு அதிகம். ஈயத்தைக் கூட்டி ராடை முறிக்காமல், தூண்டில் வளைவின் ஓட்டம் மறையும் பக்கத்துக்கு மாறுங்கள்.

வீச்சு

பின்னால் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும். பிறகு:

1. ஈயம் ராடு நுனியிலிருந்து ஒரு மீட்டர் தொங்கட்டும். லீடர் முடிச்சு ஸ்பூலின் கீழ்ப்பக்கம் இருக்கும்படி சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விரலைக் கிழிக்கும்.
2. ஆள்காட்டி விரலால் நரம்பைப் பிடித்து, ரீலின் கம்பி வளையமான பெயிலைத் திறவுங்கள்.
3. இடது கால் முன்னால், உடல் பக்கவாட்டில். ராடைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், ஈயம் ஆடாமல் நிற்கும் வரை பொறுங்கள்.
4. வலது கை தள்ள, இடது கை அடிப்பிடியை நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். வேகம் மெதுவாகத் தொடங்கி முடிவில் கூட வேண்டும்.
5. ராடு தலைக்கு மேலே வந்து சற்று முன்னால் சாயும்போது விரலை விடுங்கள். ஈயம் காலடியில் விழுந்தால் தாமதமாக விட்டீர்கள். வானத்துக்குப் போனால் சீக்கிரம் விட்டீர்கள்.
6. ஈயம் விழுந்ததும் பெயிலைக் கையால் மூடி, நரம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். தளர்ந்த முதல் சுற்றுதான் அடுத்த வீச்சில் சிக்கலாகக் கிளம்பும்.

இடது கைப் பழக்கமுள்ளவர்கள் இதை மாற்றிக்கொள்ளலாம். பாதி பலத்தில் நேராகப் போகும் வீச்சு முழு பலத்தில் கோணலாகப் போவதை விட மேல். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கை நரம்பின் தாங்கு திறனில் நான்கில் ஒரு பங்குக்கு வையுங்கள். 6 கிலோ நரம்புக்கு ஒன்றரை கிலோ.

கடி

கிழங்கான் கடி விரல் நுனியில் தட்டுவது போல் ‘டக் டக்’ என்று வேகமாக வரும். வெட்டி இழுக்க வேண்டாம். ராடை மெதுவாகத் தூக்கி, பாரம் தெரிந்ததும் சீராகச் சுற்றினால் போதும், அதன் வாய் மெல்லியது. ராடு நுனி தொடர்ந்து நடுங்கி நின்று, இழுத்துப் பார்த்தால் முள் காலி என்றால் கீச்சான் குஞ்சு. முள்ளை 10 எண்ணுக்கு மாற்றுங்கள் அல்லது கணவாய் போடுங்கள். மெதுவாகக் கனத்து, வரும் வழியில் விட்டுவிட்டு, இரை நார் நாராக வந்தால் நண்டு. அந்த இடத்தை விட்டு இருபது மீட்டர் நகருங்கள்.

புதியவர்கள் கோட்டைவிடுவது தளரும் கடியை. இறுகியிருந்த நரம்பு திடீரென்று தொய்ந்துவிடும். அலை தூக்கியது என்று நினைத்துப் பேசாமல் இருப்பார்கள். மீன் இரையோடு கரையை நோக்கி வந்திருக்கிறது. பன்னாவும் கெளுத்தியும் அடிக்கடி இப்படிச் செய்யும். உடனே வேகமாகச் சுற்றி, பாரம் தெரிந்ததும் தூக்குங்கள்.

கரைக்கு இழுக்கும்போது அலையோடு ஒத்துப்போக வேண்டும். அலை திரும்பிப் போகையில் விடுங்கள், அடுத்த அலை ஏறுகையில் சுற்றியபடி பின்னால் நடந்து வாருங்கள், அலையே மீனை மணலில் வைத்துவிட்டுப் போகும். திரும்பும் அலைக்கு எதிராக இழுப்பவர்களுக்குக் கடைசி இரண்டு மீட்டரில்தான் மீன் போகும்.

வகையைக் கூட்ட

ஒரு காலையில் இப்படிச் செய்து பாருங்கள். இருட்டில் ஓடும் ஈயத்தில் மத்தித் துண்டோ முழு இறாலோ போட்டுப் பள்ளத்தில் வையுங்கள்: கெளுத்தி, பன்னா, கலங்கிய தண்ணீரென்றால் காலா. கிழக்கு வெளுக்கும்போது 20 முதல் 30 கிராம் உலோக ஸ்பூனை (மின்னும் போலி இரை) மாட்டி வேகமாகச் சுற்றினால், கல்லோரத்தில் பாறை, சீலா. அந்த அரை மணி நேரம் முடிந்ததும் அவை போய்விடும். அடம்பிடிக்காமல் இரண்டு முள் கட்டுக்கு மாறி நுரை வரியில் கிழங்கானைத் தேடுங்கள். கிழங்கான் கூட்டமாக மேயும். ஒன்று கிடைத்த இடத்தில் உடனே மறுபடி போடுங்கள். வெயில் ஏறித் தண்ணீர் தெளிந்ததும் தக்கை: மேல்மட்டத்தில் 30 செ.மீ. ஆழத்தில் மெல்லிய மீன் தோல் கீற்றுக்கு முரல், ஒரு மீட்டர் ஆழத்தில் மாவுக்கு மடவை, பாசி படிந்த கல்லோரம் அதே மாவுக்கு ஓரா.

கல்லோரத்தில் முழு வேகத்தில் வீசாமல் மெல்லப் போடும்போது ஈயத்தை 0.20 மி.மீ. மெல்லிய நரம்பால் கட்டுங்கள். இடுக்கில் சிக்கினால் ஈயம் மட்டும் போகும், மீனும் முள்ளும் வந்துசேரும்.

கொடுவா தனிப் பொறுமை கேட்பது. மழைக்குப் பின் திறந்த முகத்துவார ஓரங்களில், வற்றம் தொடங்கும் நேரத்தில், உயிர் இறாலை வால் பக்கம் கோத்து ஓட்டத்தோடு விட வேண்டும். முகத்துவார மணல் காலுக்கடியில் சரியும், தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.

கையில் எடுக்கும் முன்

கெளுத்திக்கு முதுகில் ஒன்று, இரு பக்கத் துடுப்பில் ஒவ்வொன்று என மூன்று விஷ முட்கள். ரம்பம் போல் பல் உள்ளதால் குத்தினால் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இருங்கெளுத்தியின் விஷம் இன்னும் கடுமை. கையால் தொடாமல் குறடால் தூண்டில் முள்ளின் தண்டைப் பிடித்துக் கவிழ்த்து உதறுங்கள். குறடு கட்டாயம் என்று சொன்னது இதற்காகத்தான். ஓராவின் துடுப்பு முட்கள் எல்லாமே விஷம். திருக்கை வந்தால் வால் எட்டாத பக்கம் நின்று நரம்பை வெட்டிவிடுங்கள்.

குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் அந்த இடத்தை 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். வலி தணியும். சூட்டை மரத்துப்போன கையால் பார்க்காமல் மறு கையால் பாருங்கள். ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்கு உதவும். பிறகு மருத்துவமனைக்குப் போங்கள். முள் துணுக்கு உள்ளே நின்றிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவைப்படும்.

பலூன் போல் உப்பும் பேத்தையை எக்காரணம் கொண்டும் சமைக்காதீர்கள். அதன் நஞ்சு கொதித்தாலும் வறுத்தாலும் அழியாது, மாற்று மருந்தும் இல்லை. பூனைக்கும் போடாதீர்கள். அதன் பற்கள் நரம்பையே வெட்டும், விரலையும் விடாது. நரம்பில் கோழை போல் ஒட்டி வருவது சொறி மீனின் (ஜெல்லி மீன்) கொடுக்கு இழை. துணியால் துடையுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

சுறா மாதிரி வாலும் திருக்கை மாதிரித் தட்டைத் தலையும் உள்ள மீன், கடல் குதிரை, ஆமை ஆகியவை மாட்டினால் உடனே விட்டுவிடுங்கள். இவற்றில் பல 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரைகளில்தான் முட்டையிட ஏறுகின்றன. அந்த இரவுகளில் வெள்ளை விளக்கைக் கடல் பக்கமோ மணல் பக்கமோ அடிக்காமல், சிவப்பு விளக்கைத் தேவையானபோது மட்டும் போடுங்கள். ஆமை ஏறினால் தூண்டிலைச் சுற்றிக்கொண்டு அமைதியாக விலகி நில்லுங்கள். வெட்டிய நரம்பு ஒரு முழம்கூட மணலில் கிடக்கக் கூடாது. அது ஆமையின் கழுத்திலும் காகத்தின் காலிலும்தான் போய்ச் சுற்றும்.

உங்கள் உயிரும் அதே அளவு முக்கியம். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்காதீர்கள். அலை உடையாமல் ஒரு இடம் மட்டும் மண் கலங்கி வெளிநோக்கி ஓடினால் அது உள்ளிழுக்கும் ஓட்டம். அதில் சிக்கினால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும். கல்லில் கறுப்பாக ஈரமாகத் தெரியும் இடத்தில் கால் வைக்காதீர்கள், அது வரை அலை வந்து போயிருக்கிறது. இடி முழங்கினால் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். கார்பன் ராடு மின்னலுக்கு நல்ல பாதை.

குப்பத்துக் கரை

இந்தக் கரை முதலில் மீனவர்களின் வேலையிடம். ஃபைபர் படகு ஏறி இறங்கும் பாதையிலும் கரைவலை இழுக்கும் இடத்திலும் வீசாதீர்கள். போனதும் அங்கே இருப்பவரிடம், “அண்ணே, இங்க வலை எதுவும் போட்டிருக்கீங்களா? எந்தப் பக்கம் நிக்கலாம்?” என்று கேளுங்கள். இடம் காட்டுவார்கள். அன்றைய நீரோட்டம் எப்படி, நேற்று என்ன மீன் ஓடியது என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். எந்தச் செயலியிலும் அது கிடைக்காது.

பிடித்த மீனைப் பிளாஸ்டிக் பையில் வெயிலில் விடாதீர்கள். சென்னைச் சூட்டில் ஒரு மணி நேரத்திலேயே சதை தளரும். செவுளை வெட்டி ரத்தம் வடித்து, மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் போட்டு மூடுங்கள். விரல் நீளக் குஞ்சுகளை ஈரக் கையால் பிடித்துத் தண்ணீரில் விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரீலின் டிராக்கை இறுக்கி, குழாயை மெல்லத் திறந்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பும் மணலும் கியருக்குள் போய்விடும். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். பயன்படுத்திய முட்களைப் புது முட்களோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், இரண்டு நாளில் எல்லாமே துருப்பிடிக்கும்.